எட்டாயிரம் காலடி நடந்தும் இறங்காத சர்க்கரை

சிங்கப்பூரின் பலதுறை மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் நம்மவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "தினமும் நடக்கிறேனே, அப்புறம் ஏன் சர்க்கரை அப்படியே நிக்குது?" கைப்பேசியைத் திறந்து காட்டினால் ஹெல்தி 365 செயலியில் 8,000 காலடி பதிவாகியிருக்கும். பொய் இல்லை. சந்தைக்குப் போய் வந்தது, எம்ஆர்டி நிலையத்தில் ரயில் மாறியது, பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டது எல்லாம் சேர்ந்த கணக்கு அது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி மட்டும் 6.8ஐ விட்டு நகராது.

நடையில் குறை இல்லை. ஆனால் சர்க்கரையைப் பொறுத்தவரை எத்தனை காலடி என்பதைவிட எப்போது நடந்தீர்கள், எவ்வளவு விரைவாக நடந்தீர்கள், நடை தவிர காலுக்கு வேறு என்ன வேலை கொடுத்தீர்கள் என்பவைதான் முக்கியம். காலடி எண்ணிக்கை மட்டும் இந்த மூன்றில் ஒன்றையும் சொல்லாது. 10,000 காலடி என்ற இலக்கே 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடிக் கருவியின் பெயரிலிருந்து பரவியது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இறப்பு அபாயம் குறைவது ஏறக்குறைய 6,000 முதல் 8,000 காலடியிலேயே சமநிலைக்கு வந்துவிடுகிறது என்று 2022இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது. ஆகவே, நாளுக்கு 7,000 நடப்பவர் பத்தாயிரத்தை எட்டவில்லையே என்று மருகத் தேவையில்லை. மிச்சமிருக்கும் நேரத்தையும் தெம்பையும் வேறு வேலைக்குத் திருப்பலாம்.

அந்த வேறு வேலை, தசை. இன்சுலின் தூண்டும்போது உடல் ரத்தத்திலிருந்து உறிஞ்சும் சர்க்கரையில் ஏறக்குறைய 80 விழுக்காடு தசைக்குள்தான் போகிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. தசைதான் சர்க்கரைக் கிடங்கு. கிடங்கு சிறுத்தால் சரக்கு வெளியே ரத்தத்தில் தேங்கும். நாற்பதைத் தாண்டியதும் தசை மெல்லக் கரையத் தொடங்குகிறது. முதலில் சுருங்குபவை வலுவான, விரைவான அசைவுக்கான தசைநார்கள். சமதரையில் நடக்கும்போது அந்த நார்களுக்கு வேலையே வருவதில்லை. பாரம் தூக்கினால், தாழ்வான இருக்கையிலிருந்து எழுந்தால், படியேறினால்தான் அவை விழிக்கும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் உதவி இல்லாமலேயே சர்க்கரைக்கு வழிவிடும் குளூட்4 என்ற புரதம் தசை உயிரணுவின் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. இன்சுலினுக்கு மசியாத உடலுக்கும் இந்தக் கொல்லைப்புற வாசல் திறந்தே இருக்கிறது. ஒருமுறை நன்றாக உழைத்த தசை அடுத்த 24 முதல் 48 மணி நேரம் வரை இன்சுலினுக்குக் கூடுதலாகச் செவிசாய்க்கும், அதற்குமேல் பலன் தேய்ந்துவிடும். சனிக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் மூன்று மணி நேரம் நடந்துவிட்டு அடுத்த சனி வரை உட்கார்ந்திருப்பவரின் கணக்கு இங்கேதான் உதைக்கிறது. செவ்வாய்க்கிழமைக்குள் அந்த நடை செலவாகிவிட்டது. தொடர்ந்து இரண்டு நாள் உடற்பயிற்சி இல்லாமல் விடக்கூடாது என்ற விதி இதிலிருந்து வந்ததுதான்.

சிங்கப்பூரில் இன வாரியாகப் பார்த்தால் சீனர்களைவிட இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் நீரிழிவு அதிகம். எடை குறைவாகவும் வயிறு முன்தள்ளியும் இருக்கும் உடல்வாகு நமக்குப் பழக்கமானது. கை கால் மெலிவு, தொப்பை மட்டும் திரட்சி. எடை இயந்திரம் இவரைப் பார்த்து ஒன்றும் சொல்லாது, அளவுநாடா சொல்லும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, சட்டையை விலக்கி, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். கால்சட்டை அளவு கணக்கில் வராது, அது தொப்பைக்குக் கீழே உட்கார்ந்திருப்பது. ஆசியர்களுக்கு ஆண் 90 சென்டிமீட்டர், பெண் 80 சென்டிமீட்டர். இதைத் தாண்டினால், உடல் எடைக் குறியீடு 23க்குக் கீழே இருந்தாலும் கவனம் தேவை.

இனி நாற்காலி. இந்தப் பதிவிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துச் செல்வதானால் இதை எடுத்துச் செல்லுங்கள்.

முதலில் ஒரு சோதனை. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காருங்கள். யாராவது கைப்பேசியில் நேரம் பார்க்கட்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கால் வலு குறைந்திருக்கலாம். தசைநலிவுக்கான ஆசிய வல்லுநர் குழு 2019இல் வைத்த எல்லை இது. 50 வயதிலேயே 13, 14 விநாடி எடுப்பவர்கள் உண்டு. அவர்களில் சிலர் நாள்தோறும் நடப்பவர்கள்.

பயிற்சிக்குச் சாப்பாட்டு மேசை நாற்காலி போதும். சக்கரம் இருக்கக்கூடாது. இருக்கை உயரம் 43 முதல் 45 சென்டிமீட்டர் இருக்கலாம். நாற்காலியின் முதுகைச் சுவரில் முட்டுக்கொடுத்துப் போடுங்கள், வீட்டுத் தரைக்கற்களில் நாற்காலி பின்னால் நழுவும். காலுறையைக் கழற்றிவிடுங்கள். இருக்கையின் முன்பாதியில் உட்கார்ந்து, பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்து, குதிகாலை முழங்காலுக்குச் சற்றே பின்னே இழுத்துக்கொள்ளுங்கள். எழவே முடியாமல் திணறுகிறவர்களில் பலர் பாதத்தை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு முயல்பவர்கள். அங்கிருந்து எழுவது யாருக்கும் கடினம். மூக்கு கால்விரலுக்கு நேர்மேலே வரும்வரை இடுப்பிலிருந்து முன்னே சாய்ந்து, மூச்சை விட்டுக்கொண்டே எழுங்கள். நிமிர்ந்து நின்று பிட்டத் தசையை ஒரு கணம் இறுக்குங்கள். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக எண்ணியபடி இறங்குங்கள்.

அந்த இறக்கத்தில்தான் பாதிப் பயன் இருக்கிறது. பலர் எழும்போது முக்கி எழுந்து, உட்காரும்போது தொப்பென்று விழுவார்கள். விழுந்தால் தசைக்கு வேலை இல்லை, முதுகெலும்புக்கு இடி. எழும்போது மூச்சை அடக்குவதும் வழக்கமான தவறு. அப்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். நீரிழிவால் விழித்திரையில் புதிய ரத்தக்குழாய்கள் முளைத்தவர்களுக்கு இது ஆபத்து, கண்ணுக்குள் ரத்தம் கசியலாம். மூச்சை அடக்குகிறோமா என்ற சந்தேகம் இருந்தால் சத்தமாக எண்ணிக்கொண்டே செய்யுங்கள், பேசும் வாயால் மூச்சை அடக்க முடியாது.

தொடக்கத்தில் 8 முறை, இரண்டு நிமிட ஓய்வு, மீண்டும் 8 முறை. ஒருநாள் விட்டு ஒருநாள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இன்னும் இரண்டோ மூன்றோதான் முடியும் என்ற நிலை வர வேண்டும். இன்னும் இருபது முடியும் என்றால் அது உடற்பயிற்சி இல்லை, சடங்கு. 12 முறை மூன்று சுற்று கைவந்ததும் கடினமாக்குங்கள். முதலில் இறங்கும் நேரத்தை ஐந்து விநாடியாக்கலாம். அடுத்து, தேக்காவில் வாங்கும் 5 கிலோ பொன்னி அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழலாம். அதற்கும் அடுத்து, கீழ்த்தளத்துக் கல்மேசையைச் சுற்றியிருக்கும் வட்டக் கல்லிருக்கை. அது நழுவாது, ஆனால் சாய முதுகும் கிடையாது என்பதால் தடுமாற்றம் உள்ளவர்களுக்கு வேண்டாம்.

முழங்கால் வலித்தால் நிறுத்திவிடாதீர்கள், உயரத்தைக் கூட்டுங்கள். மடித்த போர்வையை இருக்கையில் போட்டு 5 சென்டிமீட்டர் உயர்த்தினாலே பாரம் கணிசமாகக் குறையும். வலி பத்துக்கு மூன்று அளவில் இருந்து, மறுநாள் காலை பழையபடி ஆகிவிட்டால் தொடரலாம். மறுநாளும் வீங்கியோ விறைத்தோ இருந்தால் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். தொடைத் தசையில் இரண்டு நாள் இருக்கும் உளைச்சல் வேறு, மூட்டுக்குள் குத்தும் வலி வேறு. முன்னது எதிர்பார்த்ததுதான்.

நாற்காலியோடு இன்னும் மூன்றைச் சேர்த்தால் வாரத் திட்டம் முடிந்தது. அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது 15 முறை. சுவரில் கையூன்றி மார்பைச் சுவருக்குக் கொண்டுபோய்த் தள்ளுவது 10 முறை. ரப்பர் பட்டையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி, முழங்கையைப் பின்னால் இழுப்பது 12 முறை. கதவு உங்களை நோக்கித் திறக்காத பக்கமாக நில்லுங்கள், பட்டை முகத்தில் அடித்தால் கண் போகும். அனைத்தும் இரண்டிரண்டு சுற்று, மொத்தம் 25 நிமிடம். வாரத்துக்கு 150 நிமிட மிதமான நடை, குறைந்தது இரண்டு நாள் வலுப் பயிற்சி, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னதில், வலுவும் சமநிலையும்தான் எப்போதும் காதில் விழாமல் போகும் பகுதி. பல் துலக்கும்போது கைகழுவும் தொட்டியை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பதும் சமநிலைப் பயிற்சிதான்.

இப்போது நடைக்கு வருவோம். நேரம் முக்கியம். அதிகாலை நடை மனதுக்கு நல்லது, ஆனால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அது நேரடியாகப் பிடிக்காது. உணவுக்குப் பிறகு சர்க்கரை பெரும்பாலும் 60 முதல் 90 நிமிடத்தில் உச்சத்தைத் தொடுகிறது. அந்த ஏற்றத்தின் நடுவே தசை வேலை செய்ய வேண்டும். சாப்பிட்டு முடித்த அரை மணிக்குள் எழுந்து 10 முதல் 15 நிமிடம் நடந்தால் போதும். டைப் 2 நீரிழிவு உள்ளவர்கள் ஒரே மூச்சில் 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவாக இருந்ததை நியூசிலாந்து ஆய்வு ஒன்று 2016இல் காட்டியது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வித்தியாசம் மிகுதி. ஒன்பது மணிக்கு மூன்று தோசையோ ஒரு தட்டுச் சோறோ சாப்பிட்டுவிட்டு தொலைக்காட்சித் தொடரின் முன் சாய்ந்துவிடும் நம் வழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து இல்லை. மழையா? கீழ்த்தளத்தையும் கூரை போட்ட நடைபாதையையும் சுற்றிச் சுற்றி வாருங்கள்.

வேகத்துக்கு அளவு இது: பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் எடுப்பவர்கள் கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பைப் பார்க்க வேண்டாம், மருந்து அதைக் கீழே பிடித்து வைத்திருக்கும். பேச்சுச் சோதனைதான் சரி.

நம்பிக்கை வரவில்லை என்றால் வீட்டுக் குளுக்கோமீட்டரில் சோதித்துப் பாருங்கள். ஒரே உணவை, ஒரே அளவில், இரண்டு இரவு சாப்பிடுங்கள். முதல் இரவு உட்கார்ந்திருங்கள், மறு இரவு 15 நிமிடம் நடங்கள். இரண்டு நாளும் சாப்பிடும் முன்பும், முதல் கவளத்திலிருந்து சரியாக ஒன்றரை மணி கழித்தும் விரலில் குத்திப் பாருங்கள். கை கழுவிய பிறகு குத்துங்கள், விரலில் ஒட்டிய மாம்பழச் சாறும் ரத்தச் சர்க்கரையாகப் பதிவாகும். ஊரிலிருந்து வரும் வாட்ஸ்அப் செய்திகள் 140, 180 என்று மில்லிகிராமில் பேசும், நம் மீட்டர் மில்லிமோலில் காட்டும். நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். 7.8 என்பது அங்கே 140.

மருந்து எடுப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு உடற்பயிற்சியால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது அரிது. கிளிக்லசைட், கிளிபிசைட், கிளிமெபிரைட் வகையோ இன்சுலினோ எடுப்பவருக்கு இறங்கும், சில நேரம் நள்ளிரவில் இறங்கும். தொடங்கும் முன் 5.0 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் 15 கிராம் மாவுச்சத்தாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். வியர்வை, கைநடுக்கம், எரிச்சல், பார்வை மங்கல் வந்து மீட்டர் 4.0க்குக் கீழே காட்டினால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் பொறுத்து மறு சோதனை.

15 கிராமுக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். டப்பா பானத்தை நம்புகிறவர்கள் முதலில் அட்டவணையைப் படியுங்கள். 2022 டிசம்பர் இறுதியில், பானங்களைத் தரம் பிரிக்கும் நியூட்ரிகிரேட் முத்திரை வந்தபின் இங்கே விற்கும் பானங்கள் பலவற்றில் சர்க்கரை குறைந்துவிட்டது. 'பி' தரப் பானத்தில் 100 மில்லிக்கு அதிகபட்சம் 5 கிராம்தான், ஆக 15 கிராமுக்கு 300 மில்லியாவது வேண்டும். சாதாரண நாளில் நல்ல செய்தி, தாழ்சர்க்கரை வந்த நேரத்தில் அரை டப்பா குடித்துவிட்டுத் தேறிவிட்டோம் என்று நினைத்தால் வம்பு. சர்க்கரையே போடாத 'கோசோங்' காப்பி இந்த நேரத்தில் உதவவே உதவாது.

எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்குச் சிறுநீரில் நீர் கூடுதலாகப் போகும். நம் ஊர் வெக்கையில் தண்ணீர் இல்லாமல் நடந்தால் எழும்போது தலைசுற்றும். ஈரக்குமிழ் வெப்பக் குறியீடு (WBGT) 33 டிகிரியைத் தொட்டால் வெப்ப அழுத்தம் கடுமை என்று அர்த்தம், அந்த நடுப்பகல் நடையை விட்டுவிடுங்கள். அதே குறியீட்டைச் சாதாரண வெப்பநிலையோடு குழப்ப வேண்டாம், ஈரப்பதமும் வெயிலும் காற்றும் சேர்ந்த கணக்கு அது.

பாத உணர்வு மங்கியவர்கள் பூங்காக்களில் இருக்கும் கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. "கால் மரத்துப்போச்சு, கல்லில் நடந்தால் ரத்த ஓட்டம் வரும்" என்ற அறிவுரை எத்தனை பாதங்களைப் புண்ணாக்குகிறதோ. குத்தியது தெரியாது, கொப்புளம் தெரியாது, சீழ் வைத்தபின்தான் தெரியும். கோயில் பிரகாரத்தில் வெயில் காய்ந்த தரையும் அப்படித்தான். வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கைக்கண்ணாடியில் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

சாப்பாட்டைப் பற்றி இரண்டே குறிப்பு. 60 கிலோ எடையுள்ளவர் அரை மணி நடந்தால் ஏறக்குறைய 100 முதல் 130 கலோரி செலவாகும். நடை முடிந்து காப்பிக்கடையில் குழுவாக உட்கார்ந்து சாப்பிடும் ஒரு வெறும் பரோட்டா 200ஐ ஒட்டி வரும், தே தாரிக் தனிக்கணக்கு. மற்றது புரதம். தசை வளர எடையில் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் என்பது முதியவர்களுக்கான பொது அளவு. 60 கிலோவுக்கு 60 முதல் 72 கிராம். காலையில் இட்லி சட்னி, இரவில் தோசை சட்னி என்றால் பாதியைக்கூடத் தொடாது. ஒரு முட்டையில் 6 கிராம். காலை உணவோடு இரண்டு முட்டை, இரவில் ஒரு துண்டு தவுக்வா (கெட்டியான டோஃபு), கெட்டிச் சாம்பார் என்று பிரித்துக்கொள்ளலாம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

எப்போது என்ன மாறும்? உணவுக்குப் பிந்தைய சர்க்கரை முதல் நாளே. நாற்காலிச் சோதனை நான்கு முதல் ஆறு வாரத்தில். எச்பிஏ1சி மூன்று மாதச் சராசரி என்பதால் அதற்குமுன் சோதித்துச் சோர்வடையாதீர்கள். நீரிழிவாளர்களில் உடற்பயிற்சியால் மட்டும் சராசரியாக 0.6, 0.7 புள்ளி குறைகிறது. ரத்தக் கொழுப்பில் டிரைகிளிசரைடு இறங்கும், நல்ல கொழுப்பான எச்டிஎல் கொஞ்சம் ஏறும், கெட்ட கொழுப்பான எல்டிஎல் பெரிதாக அசையாது. நடக்கிறேனே என்று கொழுப்பு மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். எடை ஒரு கிலோகூடக் குறையாமல் போகலாம். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவின் வாசலில் நின்றவர்கள் நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்டபோது நோயாக மாறும் அபாயம் 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்கள் எடை குறையவில்லை. 2002இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில் குறைவு 58 விழுக்காடு, 60 வயதைத் தாண்டியவர்களிடம் 71. வயதானவர்களுக்கு உடற்பயிற்சி எடுபடாது என்ற பேச்சுக்கு இடமில்லை.

ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் பதிந்த மருந்தகத்துக்குப் போகும்போது "என்ன பயிற்சி செய்யலாம்?" என்று பொதுவாகக் கேட்காமல், "ஒருநாள் விட்டு ஒருநாள் அரிசிப் பையோடு நாற்காலியிலிருந்து எழுகிறேன், இரவு நடக்கிறேன், கிளிக்லசைட் அளவை மாற்ற வேண்டுமா, கண் எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். நெஞ்சில் அழுத்தமோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ நடக்கும்போது வந்தால் சந்திப்புக்குக் காத்திருக்காமல் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.

காய்ச்சலோ தீபாவளியோ ஊர்ப் பயணமோ வந்து பத்து நாள் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். அரிசிப் பை இல்லாமல் பாதி எண்ணிக்கையில் இரண்டு முறை செய்துவிட்டு மூன்றாம் முறை பையை எடுங்கள். பயிற்சியால் மாத்திரை அளவு குறைக்கப்பட்டவர்கள் அந்தப் பத்து நாளும் காலையில் வெறும் வயிற்றில் சோதியுங்கள். குறைத்த மாத்திரையும் நின்றுபோன பயிற்சியும் சேர்ந்தால் சர்க்கரை எட்டைத் தாண்ட அதிக நாள் பிடிக்காது.